ஏசி ஓடிய அறையில்தான் பூஞ்சை பிடித்தது

எங்கள் வீட்டில் நாங்கள் மிகவும் பார்த்துப் பார்த்து வைத்திருப்பது படுக்கையறையைத்தான். தினமும் பெருக்கித் துடைப்போம். ராத்திரி முழுக்க ஏசி ஓடும். தண்ணீர்க் குழாய் எதுவும் அந்தப் பக்கமே கிடையாது. பூஞ்சை பிடித்தது அங்கேதான். ஏசியின் குளிர்காற்று நேராகப் போய் மோதும் சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி இருந்தது. அதன் பின்பலகை முழுக்கச் சாம்பல் பச்சையில் பொடி. கீழ்த்தட்டில் கிடந்த தோல் பை, பெல்ட், எப்போதாவது எடுக்கும் ஷூ எல்லாவற்றிலும் வெள்ளைப் படலம். அந்தச் சுவரின் மறுபக்கம் ஹால். அங்கே சுவரோடு ஒட்டி வைத்திருந்த புத்தக அடுக்கின் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள். ஆனால் ஏசியே இல்லாத, ஜன்னல் எந்நேரமும் திறந்து கிடக்கிற, மதியத்தில் உட்கார முடியாத சின்ன அறையில் ஒரு புள்ளி கூட இல்லை.

இந்த முரணுக்குக் காரணம் தெரிந்ததும் செய்யவேண்டியதில் பாதி தானாகவே தெரிந்துவிட்டது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெயில் அடித்தால் எல்லாம் காய்ந்துவிடும் என்பது வறண்ட கோடைக்குத்தான் பொருந்தும். புழுக்கமான கோடையில் துணி காயாது, காகிதம் நமுத்துப்போகும், மரக்கதவு உப்பிச் சட்டத்தில் சிக்கும். பூஞ்சைக்கு வேண்டியவை வித்து, தீனி, ஏற்ற வெப்பம், ஈரம். வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை; எந்த வீட்டிலும் அவற்றை ஒழிக்க முடியாது. மரம், அட்டை, பருத்தி, தோல், பசை எல்லாம் தீனி. வெறும் டைல்ஸ் என்றாலும் அதில் படிந்த தூசியும் சோப்பு அழுக்கும் போதும். நமக்கு இதமான வெப்பமே அதற்கும் இதம். ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். அந்த ஈரம் குழாயிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை, காற்றிலிருந்தே வரும்.

வெளியே 32 டிகிரி வெப்பம், ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புழுக்கமான கோடையில் இது சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதாவது 26 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கும் எந்தப் பொருளின் மேல் அந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் விட ஆரம்பிக்கும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் துளி துளியாக வியர்க்கிறதே, அதேதான். 22 டிகிரியில் ஏசி ஓடிய அறையில் சுவர், மெத்தை, அலமாரி, உள்ளே இருக்கும் துணி, ஷூ எல்லாமே அந்த பாட்டில்தான். காலையில் ஏசியை நிறுத்தி, காற்றோட்டத்துக்காக உடனே ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்று நேராகக் குளிர்ந்த பொருள்கள் மேல் வந்து விழுகிறது. கண்ணாடியிலும் டைல்ஸிலும் அந்த ஈரம் தெரியும், துடைத்துவிடுவோம். மரமும் தோலும் துணியும் அதை உறிஞ்சிக்கொள்வதால் தெரியாது. அலமாரிக்குள் இருப்பவை மெதுவாகத்தான் சூடேறும், காற்றும் அங்கே அசையாது. தினமும் கொஞ்சம் ஈரம் ஏறும், முழுக்கக் காய்வதற்குள் மறுபடி ராத்திரி வந்துவிடும்.

ஹால் பக்கத்துக் கறுப்புப் புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிச் சுவரைச் சுற்றிக் காட்டிப் பார்த்தோம். ஹால் காற்று 31 டிகிரி. ஏசி அறையோடு ஒட்டிய பொதுச்சுவர் ஹால் பக்கத்தில் 28. புத்தக அடுக்குக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் ஹாலின் வெக்கை அங்கே போய்ச் சேராதபடி அடுக்கே மறைக்கிறது. 26 டிகிரி பனிநிலை உள்ள காற்று 28 டிகிரிச் சுவரைத் தொட்டால் சொட்டுத் தண்ணீர் கூடத் தெரியாது. ஆனால் சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தின் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கிவிடும். பூஞ்சைக்குத் தண்ணீர் ஒழுக வேண்டாம். ஒரு பரப்பை ஒட்டிய ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்தை ஒட்டி நின்றாலே போதும். தோல், காகிதம் மாதிரிப் பொருள்களுக்கு அதைவிடக் குறைந்தாலும் போதும். ஏசி இல்லாத சின்ன அறையில் சுவரும் சாமானும் காற்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தன, காற்றும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அது தப்பித்தது.

சரி, என்ன செய்வது? முதலில் வாங்கவேண்டியது ஈரப்பதமானி. பூஞ்சை மருந்து என்று விற்கிற எதற்கும் முன்னால் இது. டிஜிட்டல் கருவி, உள்ளங்கை அளவுதான் இருக்கும். விலை குறைந்தவை நாலைந்து சதவீதம் முன்னே பின்னே காட்டும், அதனால் வந்ததும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில துளி தண்ணீர் விட்டு, சேறு மாதிரிக் குழைத்து, காற்றுப் புகாத டப்பாவுக்குள் கருவியோடு வைத்து மூடிவிடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. ராத்திரி வைத்தால் காலையில் 75 என்று காட்டவேண்டும். ஈர உப்புக்கு மேலே நிற்கும் காற்று அந்த அளவில்தான் நிலைக்கும். 71 காட்டினால் அந்தக் கருவியில் நாலு கூட்டிப் படிக்கவேண்டும் என்று பின்னால் ஒட்டி வைத்துவிடுங்கள்.

கருவியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேஜை மேல் வைத்தால் நல்ல செய்தி மட்டுமே சொல்லும். எங்கள் மேஜையில் 58 காட்டியபோது அலமாரியின் கீழ்த்தட்டில் 77. அதே காற்றுதான், கீழே குளிர்ச்சி அதிகம், அவ்வளவே. அறைக்காற்று 24 டிகிரியில் 60 சதவீதம் இருந்தால், ஏசி நேராக அடிக்கும் 20 டிகிரி மூலையில் அதே காற்று 76 சதவீதமாகிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 60-க்குக் கீழ் வைக்கச் சொல்கிறது, முடிந்தால் 30-க்கும் 50-க்கும் இடையில். கடும் புழுக்கத்தில் 50 என்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. அறை நடுவில் 55 வரை இறக்கினால் மூலைகளும் அலமாரியும் 70-க்குக் கீழே நிற்கின்றன என்பது நாங்கள் பார்த்தது. அதையே குறியாக வைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஜன்னல். இதில் வீட்டுக்குள் பெரிய விவாதமே நடந்தது. "ஜன்னலைப் பூட்டியே வெச்சிருந்தா பூசணம் பூக்காம என்னப்பா செய்யும்? திறந்து விடு, காத்து வரட்டும்" என்பது அம்மாவின் கட்சி. ஏசி இல்லாத வீட்டுக்கு அது முழுக்கச் சரி. சமைத்த ஆவி, குளித்த ஈரம், ஆட்களின் மூச்சு எல்லாம் வெளியே போகும், உள்ளும் புறமும் ஒரே வெப்பம் என்பதால் எதுவும் வியர்க்காது. குளிரூட்டிய வீட்டில்தான் அதே காற்று எதிராகிவிடுகிறது. கடைசியில் எங்கள் ஒப்பந்தம் இது: எந்த அறையும், ஒன்று, மூடிக் குளிர வைக்கப்படும், இல்லையென்றால் முழுக்கத் திறந்து சூடாகக் கிடக்கும். பாதி நேரம் அது, பாதி நேரம் இது என்பதுதான் பூஞ்சைக்குத் தோது. காலையில் படுக்கையறையைத் திறக்கவேண்டும் என்றால் முதலில் ஏசியை நிறுத்தி, ஜன்னலை மூடியபடியே ஃபேனைச் சுழலவிட்டு, சாமான்கள் சூடேறும் வரை விட்டு, அப்புறம் திறக்கிறோம். அலமாரிக் கதவையும் அந்த நேரத்தில் திறந்து போடுகிறோம்.

எப்போது திறக்கலாம் என்பதற்கு வானிலைச் செயலியில் ஈரப்பதச் சதவீதத்தைப் பார்ப்பவர்கள் அதிகம். அது குழப்பும். ராத்திரி 26 டிகிரியில் 90 சதவீதம் என்பதும், மதியம் 33 டிகிரியில் 60 சதவீதம் என்பதும் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீரைச் சுமக்கும் காற்றுதான். இரண்டுக்கும் பனிநிலை 24 டிகிரிக்குச் சற்று மேலே. 60 என்று பார்த்துவிட்டு மதியம் திறந்தால் ராத்திரி திறந்த அதே ஈரம்தான் உள்ளே வரும். பெரும்பாலான செயலிகளில் பனிநிலையும் எங்காவது உள்ளே இருக்கும், அதைப் பாருங்கள். உங்கள் அறையின் மிகக் குளிர்ந்த பொருளைவிட வெளிப் பனிநிலை நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும் நாளில் தாராளமாகத் திறக்கலாம். அப்படிப்பட்ட நாள் கோடை நடுவில் அபூர்வம்.

ஏசியைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏசி இரண்டு வேலை செய்கிறது: காற்றைக் குளிர வைப்பது, காற்றிலிருக்கும் தண்ணீரை ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில், அதாவது 'காயில்' மேல், படியவைத்து வெளியே வடிப்பது. முதல் வேலைக்கு நன்றாக இருக்கிற ஏசி இரண்டாவதற்கும் நன்றாக இருக்கும் என்று சொல்லமுடியாது. எங்கள் அறையில் முன்பு பொருத்திக் கொடுத்தவர்கள் அறைக்குத் தேவையானதைவிடப் பெரியதை மாட்டியிருந்தார்கள். சர்வீஸுக்கு வந்த மெக்கானிக்தான் சொன்னார்: "சார், இது பத்து நிமிஷத்துல குளுத்திட்டு நின்னுடும். காயில்ல தண்ணி சேர்ந்து வடியறதுக்குள்ள கம்ப்ரசர் ஆஃப். அதான் ரூம் சில்லுனு இருக்கு, ஆனா பிசுபிசுன்னு இருக்கு." வாங்கும்போது பெரியதாகவே வாங்கிவிடுவோம் என்ற நினைப்பு புழுக்கமான ஊருக்கு ஆகாது. நீண்ட நேரம் நிதானமாக ஓடுகிற அளவுதான் நன்றாக ஈரம் வாங்கும்.

இருக்கிற பெரிய ஏசியை வைத்துக்கொண்டும் ஓரளவு சமாளிக்கலாம். ஃபேன் வேகத்தைக் குறைத்தால் காற்று காயிலின் மேல் மெதுவாகப் போகும், காயில் கூடுதலாகக் குளிரும், வடியும் தண்ணீர் கூடும். 'டிரை' என்ற முறை பெரும்பாலும் செய்வது இதைத்தான். புழுக்கம் அதிகமாகவும் வெயில் குறைவாகவும் இருக்கும் மேகமூட்ட நாள்களில் அது நன்றாக உதவுகிறது. இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அறை குளிர்ந்த பிறகு அது கம்ப்ரசரை மிகக் குறைத்து ஓட்டும், அப்போது காயில் போதுமான அளவு குளிராமல் ஈரம் வடிவது குறைந்துவிடலாம். ஈரப்பதமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையாக மாற்றிப் பார்த்தால் உங்கள் ஏசிக்கு எது சரி என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வெப்பநிலையை 22-லிருந்து 26-க்கு உயர்த்தி, கூடவே ஃபேன் போட்டுக்கொண்டோம். இந்த ஒரு மாற்றம்தான் ஹால் பக்கச் சுவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். சுவரின் குளிர்ச்சி குறைந்தது, மறுபக்கம் பனிநிலைக்கு அருகே வருவதும் நின்றது. ஃபேன் காற்றின் ஈரத்தைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது உடலில் படும் இடத்தில் இதம் தரும், பரப்புகளில் தேங்கிய ஈரத்தைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அதை நம்பி ஈரப்பதமானியில் எண் இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏசியின் வயிற்றுக்குள்ளேயே பூஞ்சை வளரும். ஈரமான காயில், இருட்டு, தூசி எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. போட்டதும் சில நிமிடம் மக்கிய வாடை வீசினால் உள்ளே சுழலும் ப்ளோவர் உருளையை டார்ச் அடித்துப் பாருங்கள், இதழ்களில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். முன்பக்க வலையை மட்டும் கழுவினால் இது போகாது. ஆள் வைத்துக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். மறுபடி வராமல் இருக்க, நிறுத்தும் முன் அரை மணி நேரம் வெறும் ஃபேனில் ஓடவிட்டால் காயில் காயும். புதிய மாடல்களில் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. அந்த ஈரம் அறைக்குள்தான் வரும் என்பது உண்மைதான். ஆனால் எப்படியும் நிறுத்தப்போகிற நேரத்தில் ஒரு தடவை செய்வதற்கும், ராத்திரி முழுக்க கம்ப்ரசர் நிற்கும்போதெல்லாம் ஃபேன் மட்டும் ஓடிக் காயில் தண்ணீரை மறுபடி அறைக்கே ஊதுவதற்கும் வித்தியாசம் உண்டு. பின்னதைத் தவிர்க்கச் சில மாடல்களில் ஃபேனை 'ஆட்டோ'வில் வைக்கலாம். அப்புறம் தண்ணீர் வடியும் பைப். சரிவு இல்லாமலோ அடைத்துக்கொண்டோ இருந்தால் தண்ணீர் தட்டிலேயே தேங்கும், சில சமயம் சுவருக்குள் இறங்கும். நல்ல புழுக்கமான நாளில் வெளியே பைப்பில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

ஏசி மட்டும் போதாத அறைக்கு டீஹியூமிடிஃபயர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் கருவி. கம்ப்ரசர் வகை வெக்கையில்தான் நன்றாக வேலை செய்யும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 'ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்' என்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. 27 டிகிரி, 60 சதவீதத்தில் அதில் பாதிக்கு வந்துவிடுவதும் உண்டு. அதனால் ஒரு அளவு பெரியதாகப் பாருங்கள். தொட்டி நிறைந்தால் நின்றுவிடும் என்பதால் ஹோஸ் மாட்டி நேரடியாக வடிகாலில் விடுவது நல்லது. கதவு, ஜன்னல் மூடியிருக்கவேண்டும். அது அறையைச் சூடாக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டே ஓட்டமுடியாது. ஆள் இல்லாத நேரத்தில் ஓடவிடவேண்டியதுதான்.

அலமாரி விஷயத்தில் பெரிய செலவில்லை. சுவரிலிருந்து ஒரு கையகலம் நகர்த்தினோம். கீழே நேராகத் தரையில் உட்காராமல் கால் வைத்து உயர்த்தினோம். துணிகளை அமுக்கி அடைப்பதை விட்டோம். விரலை நுழைத்தால் நுழையவேண்டும், அந்த இடைவெளியில்தான் காற்று போகும். ஒரு தடவை போட்ட உடுப்பை உள்ளே திரும்ப மாட்டுவதில்லை, வியர்வையின் ஈரமும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து பூஞ்சைக்கு விருந்து. சலவையான துணி கைக்குக் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் மடிப்பும் தையலும் ஈரமாக இருக்கும், அதனால் மடித்த பிறகு வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. அட்டைப்பெட்டிகளை எல்லாம் தூக்கிவிட்டோம். அட்டை என்பது ஈரத்தை உறிஞ்சும் தீனி, தரையில் வைத்தால் இரட்டைக் கேடு. தோல் சாமான்கள் இப்போது ஏசி இல்லாத சின்ன அறையில் இருக்கின்றன. வெக்கை தோலுக்கு அவ்வளவு நல்லதில்லை என்று சொல்வார்கள். பூஞ்சைக்கு அது எவ்வளவோ மேல்.

சிலிகா ஜெல் பற்றிப் பலருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் வாங்கும். அதாவது ஷூப் பெட்டிக்குள் வரும் சின்னப் பொட்டலம் ஒரு ஸ்பூன் தண்ணீர் கூட வாங்காது. மூடி இறுகிய டப்பாவுக்குள், கேமரா லென்ஸுக்கும் பத்திரங்களுக்கும் அருமையான பொருள். தினமும் திறந்து மூடும் அலமாரிக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக் காற்று முழுவதையும் அது உலர்த்தவேண்டியிருக்கும். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும். பொட்டலத்திலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பி 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் இதைவிடப் பல மடங்கு தண்ணீர் வாங்கும், ஆனால் வாங்கிய தண்ணீர் உப்புக் கரைசலாக அடியில் நிற்கும். அது கவிழ்ந்தால் தோலும் உலோகமும் போச்சு. தொங்கவிடாமல் கீழ்த்தட்டில், ஒரு தட்டுக்குள் வையுங்கள். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான். கரித்துண்டு வாடையைக் கொஞ்சம் குறைக்கும், பூஞ்சை அப்படியே இருக்கும். வாடை தெரியாமல் போவதே ஒரு நஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளியலறை பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. குளித்து முடித்ததும் சுவர் டைல்ஸை வைப்பரால் ஒரு இழு, எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் அரை மணி நேரம், கதவுக்கு அடியில் காற்று நுழைய இடைவெளி. ஃபேனின் காற்று உண்மையில் வெளியே போகிறதா, ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஓரத்துச் சிலிகான் பட்டை கறுத்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை, பூஞ்சை அதற்கு அடியில் இறங்கியிருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு, புதிதாகப் பூசவேண்டும். வாஷிங் மெஷின் கதவைத் திறந்தே வைத்து, முன்பக்க ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைத்துவிடுங்கள். துணியை அறைக்குள் காயப்போட்டால் ஒரு மெஷின் துணியிலிருந்து ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் சேரும். வேறு வழியில்லை என்றால் ஒரே அறையில் போட்டு, கதவை மூடி, அங்கேயே டீஹியூமிடிஃபயரை ஓட்டுங்கள்.

சுவரில் வெள்ளையாக எது பூத்தாலும் பூஞ்சை என்று பதற வேண்டாம். ஓதம் ஏறிய சுவரில் உப்பும் பூக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உப்பு என்றால் கரைந்துவிடும், பூஞ்சை படிந்து நனைந்து நிற்கும். உப்பு என்றால் சுவருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, அதைத் தேடவேண்டும். கசிவோ வெள்ளமோ எதனால் நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. மெத்தை, தரைவிரிப்பு, ஜிப்சம் பலகை எல்லாம் இந்தக் கெடுவைத் தாண்டினால் தேறுவது கஷ்டம். இன்னொன்று, ஏசி அறையின் வெளிச்சுவரில் உள்பக்கம் வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். வெளியே இருக்கும் ஈரம் சுவர் வழியாக உள்நோக்கி வரும், பிளாஸ்டிக் தடுக்கும், குளிர்ந்த அந்தப் பிளாஸ்டிக்கின் பின்னால் ஈரம் தேங்கும். மேலே பூப்போட்ட அழகு, உள்ளே கறுப்பு. பூஞ்சை மேலேயே பெயிண்ட் அடித்து மறைப்பதும் இதே கதைதான். எங்களுக்கு ஒரு பெயிண்டர் அதைத்தான் சொன்னார். சில மாதத்தில் புது பெயிண்டும் சேர்ந்து உரியும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டோம்.

வந்துவிட்ட பூஞ்சையை எடுப்பதில் முக்கியம், உலர்ந்த நிலையில் தட்டக்கூடாது, துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் காற்றுப் புகாத கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபேனை நிறுத்தி, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். டைல்ஸ், கண்ணாடி, உலோகம் மாதிரிக் கெட்டியான பரப்புக்குச் சோப்புத் தண்ணீரும் தேய்ப்பும் போதும், பிறகு முழுக்கக் காயவைக்கவேண்டும். பிளீச் கறையை வெளுக்கும். மரத்திலும் சுவரிலும் அது உள்ளே இறங்காது, அதன் தண்ணீர்தான் இறங்கும். பிளீச்சோடு வினிகரையோ, அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரையோ, அமோனியா உள்ள எதையுமோ கலக்கவே கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். தோலுக்கு ஆல்கஹாலைத் தண்ணீரோடு கலந்து துணியில் தொட்டு, மறைவான இடத்தில் முதலில் சோதித்து, பிறகு துடைத்தோம். பை தேறியது, ஷூவின் உள்பக்கம் தேறவில்லை, போட்டுவிட்டோம். அலமாரியின் பின்பலகை ஒட்டுப்பலகை என்பதால் அதையும் மாற்றினோம்.

நிறத்தை வைத்து எந்தப் பூஞ்சை, எவ்வளவு ஆபத்து என்று கணிக்க முடியாது. கறுப்பு எல்லாம் கொடியது, வெள்ளை சாது என்பதெல்லாம் இல்லை. பரிசோதனைக்கு அனுப்பிப் பெயர் தெரிந்துகொள்வதும் பெரும்பாலும் வீண், எதுவானாலும் செய்யவேண்டியது ஒன்றே. வீட்டின் ஈரமும் பூஞ்சையும் மூச்சுத் தொல்லை, ஒவ்வாமை, ஆஸ்துமாவோடு தொடர்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் துடைக்கிற வேலையில் இறங்கவே கூடாது, அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லாமல் இருந்தால் நல்லது. பூஞ்சை படர்ந்த இடம் பத்து சதுர அடியைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடித் துண்டைவிடப் பெரிதானால், பழகிய ஆட்களிடம் விடுவதுதான் சரி. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் மருந்தடித்துக் கொன்றுவிட்டேன் என்று சொல்பவரை நம்பாமல், துடைத்து அள்ளி வெளியே எடுத்துப் போகிறாரா என்று பாருங்கள்.

கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். அலமாரிக் கதவு, டிராயர், பெட்டி எல்லாவற்றையும் திறந்து போடுங்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்துவதானால் காலி செய்து துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் இடையில் ஒரு துணியைச் சுருட்டி வையுங்கள். அழுக்குத் துணி ஒன்று கூடக் கூடையில் கிடக்கக் கூடாது. டீஹியூமிடிஃபயர் இருந்தால் 55-இல் வைத்து, ஹோஸை வடிகாலில் விட்டு ஓடவிடலாம். அது இல்லாமல் ஏசியைத் தாழ்ந்த வெப்பநிலையில் ஓடவிட்டுப் போவது கூடாது, ஆள் இல்லாத வீட்டைக் குளிர வைத்து வைத்துக் காத்திருப்பது மாதிரிதான் அது. 28-க்குக் குறையாமல் டிரை முறையில், டைமர் வைத்துத் தினமும் சில மணி நேரம் ஓடினால் போதும். கடைசியாக, தண்ணீரின் மெயின் வால்வை மூடிவிட்டு, சமையலறைத் தொட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்துக் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.